அம்புலியைக் காட்டும் விரல்

அக்கா மகனுக்கு 18 மாதம். "அம்மா", "பால்", "நோ" என்ற மூன்று சொல்தான் இதுவரை. ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தால் யாராவது ஒருவர் நின்று ஆலோசனை சொல்வார். போன மாதம் ஒருவர் சொன்னது: "வீட்டுல தமிழ், சைல்ட்கேர்ல இங்கிலீஷ். பிள்ளை குழம்பிடுது. தமிழை நிறுத்திடுங்க." அக்கா அன்றிரவே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. எங்கள் வீடும் அதிலிருந்து கழன்றுகொள்ள ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.

அந்த வாரம்தான் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை உரையோடு படித்துக்கொண்டிருந்தேன். நான் பொறியியல் படித்தவன், உரை இல்லாவிட்டால் பாதிக்கு மேல் புரியாது. மேசையில் பக்கத்திலேயே மருமகனின் ஹெல்த் புக்லெட் கிடந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டியதில் வந்தது இந்தக் கட்டுரை.

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். மூன்றாம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை என்று மரபு கணக்கு வைத்திருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. 'கீர்' என்றால் சொல், ஆகவே இது மழலை தொடங்கும் பருவம் என்று சொல்பவர்களும் உண்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கைதட்டுவது. பிறகு முத்தம், வருகை, அம்புலி. புக்லெட்டிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் வருகிறது: தலை நிமிர்த்துதல், உட்காருதல், கைதட்டுதல், நடத்தல். செய்கிறானா இல்லையா என்று கட்டத்தில் குறிக்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. புக்லெட் பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்கிறது. பிள்ளைத்தமிழில் பெரியவர் பிள்ளையைப் பார்த்து ஆடு, கொட்டு, தா, வா என்று அழைக்கிறார். ஒவ்வொரு பருவத்திலும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை வளர்ச்சி பற்றி இன்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். பிள்ளை ஒரு சத்தமோ சைகையோ செய்ய, பெரியவர் அதற்குப் பதில் தர, அந்தப் போக்குவரத்தில்தான் மொழி வளர்கிறது.

அம்புலிப் பருவம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. இங்கே தாயும் சேயும் மூன்றாவதாக ஒன்றை, நிலவை, சேர்ந்து பார்க்கிறார்கள். ஒரு வயதை ஒட்டிப் பிள்ளை விரல் நீட்டிக் காட்டுவதையும், நாம் காட்டும் பக்கம் பார்ப்பதையும் பேச்சுக்கு முன்னோடியாக மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். நம் மரபு அதற்கு ஒரு தனிப் பருவமே ஒதுக்கியிருக்கிறது.

இதை வைத்து 'அன்றே சொன்னான் தமிழன்' என்று கிளம்ப எனக்கு விருப்பமில்லை. உண்மையில் அம்புலிப் பாடல்களில் குழந்தை சீக்கிரமே காணாமல் போய்விடுகிறது. சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு உபாயங்களையும் நிலவின்மேல் ஏவி, கவிஞர் தன் புலமையைக் காட்டுகிறார். பல பாடல்களில் மதுரையும் பாண்டியர் பெருமையும் நீண்டுகொண்டே போக, பிள்ளையை விளிக்கும் இடம் கடைசி அடியில்தான் வருகிறது. அந்தப் பிள்ளையும் தெய்வம். அது பிந்தவே பிந்தாது. பதிலும் பேசாது. பதிலுக்காகக் கவிஞர் நிறுத்துவதும் இல்லை. மூன்று சொல் மட்டும் உள்ள ஒரு பிள்ளைக்கு இந்த நூலில் இடமே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூரில்தான் வாய் திறந்தார் என்கிறது அவர் வரலாறு. இதை அக்காவிடம் சொன்னதும், "அப்ப நான் அஞ்சு வருஷம் காத்திருக்கணுமாடா?" என்றாள். சரியான கேள்வி. ஐதீகத்தை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது. பேச்சு பிந்தினால் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். புக்லெட் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பிள்ளைத்தமிழால் அது முடியாது.

ஆனால் தமிழை நிறுத்தச் சொன்னவர் சொன்னது தவறு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை என்பது பேச்சுச் சிகிச்சையாளர்கள் இன்று பொதுவாக ஏற்கும் முடிவு. இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். அக்காவுக்கு அலுவலக ஆங்கிலம் சரளம்தான், ஆனால் கொஞ்சவும் கெஞ்சவும் தமிழ்தான் வரும். அதை நிறுத்திய அந்த மூன்று வாரத்தில் அவள் பிள்ளையோடு பேசுவதே குறைந்துபோனது. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தோம், யாரும் சொல்லவில்லை.

இப்போது பலதுறை மருந்தகத்தில் தேதி வாங்கியிருக்கிறோம். வீட்டில் தமிழும் திரும்பிவிட்டது. நேற்று இரவு அவனைக் கீழே கூட்டிப்போய் நிலவைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை, எதிர் புளோக்கின் மின்தூக்கி விளக்கைக் காட்டினான். "லைட்டு" என்றேன். குமரகுருபரர் செய்யாததைச் செய்துபார்ப்போம் என்று கொஞ்ச நேரம் பேசாமல் காத்திருந்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.