கடைகள் விட்டுவைத்த பெண்கள்: லேன் பிரையன்ட் நிறுவனத்தின் வரலாறு

அமெரிக்காவில் ஆயத்த ஆடை முதலில் ஆண்களுக்குத்தான் வந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது இலட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. அதற்காக எடுக்கப்பட்ட உடலளவுகள் ஒரு சில வகைகளுக்குள் அடங்கின. போர் முடிந்ததும் ஆடைத் தொழிற்சாலைகள் அந்த அளவுகளையே ஊர்மக்களுக்கும் வெட்டத் தொடங்கின. பெண்களை இப்படி அளந்தவர் எவரும் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பெண்கள் தையற்காரியை வீட்டுக்கே வரவழைத்தார்கள். மற்றவர்கள் தாமே தைத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் மேற்சட்டையும் பாவாடையும் கடைக்கு வந்தபோது, அவை தொழிற்சாலையின் மாதிரிப் பொம்மைக்குப் பொருந்திய உடலுக்கே பொருந்தின. 36 அங்குல மார்பளவுதான் குறையற்ற அளவு என்பது வணிகர்களின் கணக்கு. கர்ப்பிணிகளும் பருத்த பெண்களும் அந்தக் கணக்கில் இல்லை. இந்த இரு கூட்டத்தாரையே வாடிக்கையாளராகப் பிடித்து வளர்ந்தது லேன் பிரையன்ட்.

நிறுவனத்தைத் தொடங்கிய லீனா ஹிம்மெல்ஸ்டைன் 1870களின் இறுதியில், அப்போது ரஷ்யப் பேரரசின் கீழிருந்த லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்த அவரைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். 1895இல் தூரத்து உறவினர்கள் கப்பல் கட்டணம் கொடுத்து நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். தங்கள் மகனுக்கு மணமுடிக்கத்தான் அழைத்தார்கள் என்பது வந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. அந்தச் சம்பந்தத்தை மறுத்துவிட்டு, ஏற்கெனவே அங்கிருந்த அக்காவோடு போய்த் தங்கினார். உள்ளாடை தைக்கும் பட்டறை ஒன்றில் வாரம் ஒரு டாலர் கூலிக்குச் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில் அந்தக் கூலி 15 டாலராக உயர்ந்தது. லேஸும் பட்டும் கையாளும் நேர்த்தி அவருக்கு அந்தப் பட்டறையில் கிடைத்ததுதான்.

1899இல் புரூக்ளினைச் சேர்ந்த நகை வணிகர் டேவிட் பிரையன்டை மணந்தார். மகன் ரஃபேல் பிறந்த சில மாதங்களில் கணவர் காசநோயால் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற லீனா, கணவர் கொடுத்திருந்த வைரத் தோடுகளை அடகு வைத்துத் தையல் இயந்திரம் வாங்கினார் என்பது நிறுவனத்தின் வரலாறு சொல்லப்படும் இடமெல்லாம் வரும் செய்தி. 1904இல் ஐந்தாம் அவென்யூவின் வடகோடியில், 120ஆம் தெருவுக்கு அருகே, மாதம் 12.50 டாலர் வாடகைக்கு ஓர் இடம் பிடித்தார். முன்புறம் கடை, பின்புறம் குடித்தனம். வங்கிக் கணக்குத் தொடங்க அக்காவின் கணவர் 300 டாலர் கடன் கொடுத்தார். வங்கியில் படிவத்தை நிரப்பும் பதற்றத்தில் ‘லீனா’ என்ற பெயரின் எழுத்துகள் இடம் மாறி ‘லேன்’ ஆகிவிட்டன; திருத்தக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். வணிக நிறுவனங்களின் பிறப்புக் கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும். இதுவும் ஓரளவு மெருகேறியிருக்கலாம், ஆனால் பெயர் நிலைத்தது உண்மை.

கடையின் திசையை மாற்றியது ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கை. கர்ப்பமாக இருந்த அந்தப் பெண், வீட்டுக்கு வரும் விருந்தினர் முன் நிற்கத்தக்கதாகவும் உடலை இறுக்காததாகவும் ஒரு உடை வேண்டுமென்று கேட்டார். அன்று நடுத்தர வகுப்புப் பெண்கள் வயிறு தெரியத் தொடங்கியதும் பொது இடங்களுக்கு வருவதை நிறுத்திவிடுவது வழக்கம். அந்த நிலைக்கென்று தனி உடை எந்தக் கடையிலும் கிடையாது. லீனா தைத்துக் கொடுத்தது எளிய வேலைதான். மேற்சட்டையையும், நெருக்கமான நீள் மடிப்புகள் கொண்ட பாவாடையையும் இடுப்பில் ஒரு எலாஸ்டிக் பட்டையால் இணைத்தார். மாதம் ஏற ஏறப் பட்டை நெகிழும், மடிப்புகள் விரியும். பார்ப்பவர் கண்ணுக்கு உடையின் வடிவம் மாறாது. முதல் உடை 18 டாலருக்கு விலைபோனது. அதை வாங்கியவர் தோழிகளிடம் சொல்ல, அவர்கள் தம் தோழிகளிடம் சொல்ல, கடை கர்ப்பிணி உடைக்குப் பெயர்பெற்றது. எந்தப் பணக்கார வீட்டுத் தையற்காரியும் இந்த உத்தியைக் கண்டுபிடித்திருக்க முடியும். ஒருத்திக்குத் தைத்ததைப் பலருக்கும் தைத்து அடுக்கி வைத்து விற்கலாம் என்று கண்டதே லீனாவின் சிறப்பு.

1909இல் லீனா ஆல்பர்ட் மால்சினை மணந்தார். லித்துவேனியாவில் பிறந்த அவர் படிப்பால் இயந்திரப் பொறியாளர். கணக்கு வழக்கும் நிர்வாகமும் அவர் பொறுப்புக்குப் போயின; லீனா வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டார். கடையில் மட்டும் விற்றால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது என்று கண்ட மால்சின், உடைகளை வெளித் தொழிற்சாலைகளில் மொத்தமாகத் தைக்க ஏற்பாடு செய்தார். எஞ்சியிருந்த சிக்கல் விளம்பரம். கர்ப்பம் என்ற பேச்சையே அச்சில் ஏற்ற நாளிதழ்கள் மறுத்தன. 1911இல் நியூயார்க் ஹெரால்ட் இதழ் இறங்கிவந்து ஒரு விளம்பரம் வெளியிட்டது. மறுநாள் கடையின் சரக்கு முழுவதும் தீர்ந்துபோனது. கடைக்கு நேரில் வரக் கூச்சப்படும் பெண்களுக்கு அஞ்சல்வழி விற்பனை இன்னும் பொருத்தமாக அமைந்தது. கேட்லாக் பார்த்து, அளவு எழுதி, பணம் அனுப்பினால் உடை வீடு தேடி வரும். 1917இல் அஞ்சல்வழி விற்பனை மட்டும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது.

கர்ப்பிணி உடையில் ஓர் எல்லை இருந்தது: அதன் வாடிக்கையாளர் சில மாதங்களில் விலகிப் போய்விடுவார். பிள்ளை பெற்ற பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாத பெண்கள் பலர் தங்களுக்கும் உடை வேண்டுமென்று எழுதினார்கள். மால்சின் இதை ஒரு பொறியாளர் அணுகும் விதத்தில் அணுகினார். உடலின் வளைவோடு வளைந்து அந்த வடிவத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்றைச் செய்து, கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களை அளந்தார். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று திரட்டி வைத்திருந்த சுமார் 2 இலட்சம் பெண்களின் உடலளவுக் குறிப்புகளையும் பெற்று ஒப்பிட்டார். அமெரிக்கப் பெண்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் அந்தக் ‘குறையற்ற’ 36 அங்குலத்தை மிஞ்சியவர்கள் என்பது அவர் கண்ட முடிவு. விதிவிலக்கு என்று ஆடை வணிகம் ஒதுக்கியவர்கள் சந்தையில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள்.

இதைவிட நுட்பமான கண்டுபிடிப்பு ஒன்றும் அந்த அளவெடுப்பில் கிடைத்தது. பருத்த உடல் என்பது ஒரே வகை அல்ல. சிலருக்கு மார்பு பெருக்கும், சிலருக்கு இடுப்புக்குக் கீழே பெருக்கும், சிலருக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கும். ஒல்லியான உடலுக்கு வெட்டிய மாதிரியை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால், மார்பில் சரியாக நிற்கும் உடை தோளில் தொங்கும். இடுப்பில் சரியானால் கைக்குழி அகன்றுவிடும். மால்சின் உடல்களை மூன்று பொது வகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு மாதிரி தயாரிக்கச் செய்தார். தையல் மேசையில் இதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். தொழிற்சாலைக்கு எண்களாக எடுத்துக் கொடுத்தவர் மால்சின். லீனாவின் எலாஸ்டிக் பட்டையைவிட நிறுவனத்தை நிலைநிறுத்தியது இந்த வேலையே என்று சொல்லலாம். 1923இல் மொத்த விற்பனை 50 இலட்சம் டாலரைத் தொட்டபோது, பெரிய அளவு உடைகளின் வருவாய் கர்ப்பிணி உடைகளின் வருவாயை முந்தியிருந்தது. அதே ஆண்டில் மால்சின் இறந்தார்.

அரசு இந்த வேலைக்கு வந்தது பிற்பாடுதான். 1939–40இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, ரூத் ஓ’பிரையன் தலைமையில், சுமார் 15,000 பெண்களை அளந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தத் தரவிலிருந்து 1958இல் பெண்கள் உடைக்கான தேசிய அளவுத்தரம் பிறந்தது. நிறுவனங்கள் அதை ஏற்கவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. 1983இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று ஒரே எண்ணிட்ட உடை கடைக்குக் கடை வேறு அளவில் இருப்பதற்குக் காரணம் தேடுவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

லேன் பிரையன்டின் விளம்பரங்களை இன்று புரட்டுபவர் ஒரு முரணைக் கவனிக்காமல் இருக்க முடியாது. உடல் எப்படியிருந்தாலும் அதற்கேற்ற உடை தருகிறோம் என்று நிறுவனம் சொன்னது. அந்த உடை உடலை ஒல்லியாகக் காட்டும் என்றும் அதே மூச்சில் சொன்னது. நெடுங்கோடுகள், அடர்ந்த நிறங்கள், இடுப்பை மறைக்கும் வெட்டுகள் ஆகியவை விற்பனைச் சரக்காயின. பின்னாளில் பருத்த சிறுமிகளுக்கென்று ‘சப்பி’ (கொழுகொழு) என்ற பெயரிலேயே தனி உடை வரிசை வந்தது. பெண்களின் கூச்சத்தை நிறுவனம் உண்டாக்கவில்லை என்பது சரி. ஆனால் அதிலிருந்து கிடைத்த லாபத்தை அது விட்டுவைக்கவும் இல்லை.

தொழிலாளர் விஷயத்தில் நிறுவனம் தன் காலத்தை முந்தியது. பட்டறைக் கூலியாகத் தொடங்கியவர் நடத்திய நிறுவனம் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். லாபப் பங்கீடு, ஓய்வூதியம், குழு ஆயுள் காப்பீடு ஆகியவை ஊழியருக்குக் கிடைத்தன. பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது 25 சதவீதம் ஊழியர்களுக்கென ஒதுக்கப்பட்டது. பேரிடரில் உடைமைகளை இழந்த வாடிக்கையாளர்களுக்குப் புதிய உடைகள் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 1947இல் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பேரழிவு நேர்ந்தபோது, அங்கிருந்த அஞ்சல்வழி வாடிக்கையாளர்களுக்கு இவ்வாறு உடைகள் அனுப்பப்பட்டன. 1951இல் லீனா இறந்தார். அப்போது அஞ்சல்வழி விற்பனையில் நாட்டின் ஆறாவது பெரிய நிறுவனமாக லேன் பிரையன்ட் கருதப்பட்டது. மகன்கள் பொறுப்பேற்ற பின் புறநகர் வணிக வளாகங்களில் கிளைகள் பெருகி, 1960களின் இறுதியில் கடைகள் நூறைத் தாண்டின. ஆண்டு விற்பனை 20 கோடி டாலரை எட்டியது.

1982இல் நிறுவனம் கைமாறியது. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து லெஸ்லி வெக்ஸ்னர் நடத்திவந்த ‘தி லிமிடெட்’ அதை வாங்கியது. அதே ஆண்டில் வெக்ஸ்னர், நலிந்துகிடந்த ஒரு சிறு உள்ளாடைக் கடைத்தொடரையும் பத்து இலட்சம் டாலருக்கு வாங்கினார். அதன் பெயர் விக்டோரியாஸ் சீக்ரெட். மெல்லிய உடலை இலட்சியமாக விற்ற கடையும் பெரிய உடலுக்கு விற்ற கடையும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்தன. புதிய நிர்வாகம் லேன் பிரையன்டில் வயதானவர்களுக்கான தோற்றத்தைக் களைந்து இளம்பெண்களின் நாகரிகத்தைப் புகுத்தியது. அஞ்சல்வழிப் பிரிவு பிரைலேன் என்ற தனி நிறுவனமாகி, பெரும்பங்கு 1993இல் விற்கப்பட்டது. 1990களின் இறுதியில் அது ஒரு பிரெஞ்சு வணிகக் குழுமத்தின் கைக்குப் போனது. ஒரே பெயரில் கடைகள் ஒருவருக்கும் கேட்லாக் இன்னொருவருக்கும் சொந்தம் என்ற விசித்திர நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

2001இல் பென்சில்வேனியாவின் சார்மிங் ஷாப்ஸ் 33.5 கோடி டாலருக்குக் கடைகளை வாங்கியது. 2012இல் சார்மிங் ஷாப்ஸையே அசீனா குழுமம் ஏறத்தாழ 89 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தக் காலத்தில் நிறுவனத்தின் பேச்சுத் தொனி மாறியது. 2010இல் அதன் உள்ளாடை விளம்பரத்தை ஏபிசி, ஃபாக்ஸ் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பத் தயங்கின. மெல்லிய பெண்கள் அதே போன்ற உள்ளாடையில் தோன்றும் விளம்பரங்களுக்கு இல்லாத தடை தங்களுக்கு மட்டும் ஏன் என்று நிறுவனம் கேட்டது. 2015இல் ‘நான் தேவதை இல்லை’ என்ற பிரச்சாரம் விக்டோரியாஸ் சீக்ரெட் ‘தேவதைகள்’ என்று அழைத்த அதன் விளம்பர அழகிகளை நேராகவே சீண்டியது. ஒல்லியாகக் காட்டுவோம் என்ற பழைய வாக்குறுதி இந்த விளம்பரங்களில் இல்லை. ஆனால் அதற்குள் பெரிய அளவு உடைகள் பொதுக் கடைகளிலும் இணையத்திலும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தன. மால்சின் கண்டுபிடித்த சந்தையில் லேன் பிரையன்ட் தனிக்காட்டு ராஜாவாக இருந்த காலம் முடிந்துவிட்டது.

2020 ஜூலையில், பெருந்தொற்றுக் கடையடைப்பின் நடுவே, கடன் சுமையால் அசீனா திவால் பாதுகாப்புக் கோரியது. லேன் பிரையன்டின் கடைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் சிகமோர் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம், அசீனாவின் ஆன் டெய்லர், லாஃப்ட் முதலிய பிற ஆடைக் கடைத்தொடர்களோடு சேர்த்து, 54 கோடி டாலருக்கு அதை வாங்கியது. இன்று அது நிட்வெல் குழுமத்தின் ஓர் அங்கம். பிரிந்துபோன அஞ்சல்வழிப் பிரிவு ‘உமன் விதின்’ என்று பெயர் மாறி, ஃபுல்பியூட்டி பிராண்ட்ஸ் என்ற போட்டி நிறுவனத்தின் கையில் அதே வாடிக்கையாளர்களுக்கு உடை விற்கிறது.