இரண்டாவது மிதியில்தான் ஆட்டம்

வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘8:30’ இசைத்தட்டு 1979-ல் வெளிவந்தது. பெரும்பகுதி மேடையிலேயே பதிவான அந்த இரட்டைத் தட்டில், ‘ஸ்லாங்’ என்ற பெயரில் குழுவின் பேஸ் கலைஞர் ஜாகோ பஸ்டோரியஸ் தனியாக வாசிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை; ஒரே ஒரு பேஸ் கிட்டார். வாசித்துக்கொண்டே போகிறவர், ஒரு கட்டத்தில் சின்னஞ்சிறு தொடர் ஒன்றை எம்.எக்ஸ்.ஆர். டிஜிட்டல் டிலே கருவிக்குள் பிடித்துப்போடுகிறார். கருவி அதையே திரும்பத் திரும்பச் சுழற்ற, அதன்மேல் ஏறி நின்று தனி ஆவர்த்தனம் செய்கிறார். லூப் பெடல் என்று ஒன்று கடைக்கு வராத காலம் அது. எதிரொலிக்காகச் செய்த கருவியை அவர் பக்கவாத்தியக்காரராக மாற்றிக்கொண்டார்.

அந்தக் கருவியின் நினைவகம் நொடிக்கணக்கில்தான் இருந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில் 5 நிமிடம் பிடிக்கலாம். சற்றுப் பெரிய பெட்டியில் மணிக்கணக்கில் பிடிக்கலாம். ஆனாலும் லூப் பெடலோடு மேடையேறும் பேஸ் கலைஞர்கள் பலர் மூன்றாவது அடுக்கிலேயே திணறிப்போகிறார்கள். ஒலி கலங்குகிறது, தாளம் நழுவுகிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடிவதில்லை. காரணம், பெடல் வாங்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்ட நிமிடக் கணக்கைப் பார்த்து வாங்குகிறோம். பேஸ் கலைஞர் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: மந்திர ஸ்தாயியில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது, கால் எந்த நொடியில் மிதிக்கிறது. மற்ற எல்லாத் தேர்வும் இந்த இரண்டிலிருந்து வருபவை.

கீழ்த்தளத்தில் இடம் குறைவு

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த இ தந்தி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து தந்தி கிட்டாரின் பி தந்தி இன்னும் கீழே, ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில். சாதாரண கிட்டாரின் கடைசித் தந்தியே 82.4 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. கிட்டார்காரர் நான்கைந்து அடுக்கு போட்டாலும் அவை நடு ஸ்தாயியில் பரவி உட்கார்ந்துவிடும். பேஸில் இரண்டாவது அடுக்கும் கீழேயே விழுந்தால் இரண்டுமே அடையாளம் இழக்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலிகளை நெருக்கமாக வைத்தால் நம் காதால் பிரித்தறிய முடியாது.

ஆம்பின் நிலைமை அதைவிட மோசம். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு வெவ்வேறு தொடர்கள் சேர்ந்தால் ஆம்ப் தர வேண்டிய சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரே சுரம் ஒரே நொடியில் அச்சாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நான்கு மடங்குவரை போகும். 30 வாட் பயிற்சி ஆம்பில் தனியாக வாசிக்கையில் இனிமையாக ஒலித்த கிட்டார், மூன்றாவது அடுக்கில் கரகரப்பது இதனால்தான். பெடல் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு பெடல் தேடுகிறவர்கள் உண்டு. திணறுவது ஆம்பும் ஸ்பீக்கரும்தான்.

ஜாகோ இந்தச் சிக்கலைத் தன் ஒலியாலேயே கடந்தார். ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பலகையில் எபாக்ஸி பூசிய 1962-ம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் அவருடையது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை முன்னிறுத்தித்தான் பெரும்பாலும் வாசிப்பார். அதனால் அவர் ஒலியில் நடுப்பகுதி தூக்கலாக இருக்கும், அடிக்கனம் அளவோடு இருக்கும். பின்னால் நின்ற அக்கூஸ்டிக் 360 ஆம்ப், 18 அங்குல ஸ்பீக்கரோடு 200 வாட் தரக்கூடியது. சுழலும் தொடருக்கும் மேலே பாடும் தொடருக்கும் இடையே காற்று புகுந்து வர இடம் இருந்தது.

இதிலிருந்து பொதுவான ஒரு முறை கிடைக்கிறது. முதல் அடுக்கில் ஆதாரத் தொடரை வாசியுங்கள், இடைவெளி விட்டு வாசியுங்கள். இரண்டாவது அடுக்கு 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே போகட்டும். அங்கே ஜி தந்தி 196 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மூன்றாவதாகத் தந்தியை இடக்கையால் அமுக்கிக்கொண்டு தட்டும் வெறும் தாள ஒலி போதும். அதற்குமேல் வருவது உங்கள் நேரடி வாசிப்பாக இருக்க வேண்டும். பெடலில் லூப்பின் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் குமிழை முழுக்கத் திருகாமல் சற்றுக் குறைத்து வைத்தால், நேரடி வாசிப்பு எப்போதும் ஒரு படி முன்னால் நிற்கும்.

கால் செய்யும் கணக்கு

லூப் பெடலின் வேலை எளிமையானது. முதல் மிதியில் பதிவு தொடங்குகிறது. இரண்டாவது மிதியில் சுற்றின் நீளம் முடிவாகி அது சுழல ஆரம்பிக்கிறது. முதல் மிதி கொஞ்சம் பிசகினாலும் சமாளிக்கலாம். இரண்டாவது மிதி பிசகினால் சமாளிக்க வழியில்லை, ஏனென்றால் அந்தப் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 90 அடி வேகம், நான்கு நான்காக நான்கு பார். மொத்தம் 16 அடி, 10.67 நொடி. இரண்டாவது மிதி 50 மில்லி நொடி முந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இமைக்கிற நேரத்தைவிடக் குறைவு. தனியாக வாசிக்கிறவர் காதில் அது படாமலேகூடப் போகலாம். ஆனால் பக்கத்தில் டிரம்மர் மெட்ரோனோம் கிளிக் கேட்டு வாசித்தால், பத்தாவது சுற்று முடிகையில் லூப் அரை நொடி முன்னே ஓடியிருக்கும். அந்த வேகத்தில் அரை நொடி என்பது முக்கால் அடி. அதற்கு வெகுமுன்பே கேட்பவர்களுக்கு எங்கோ இடிப்பது தெரிந்துவிடும்.

ஒத்திகை அறைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒரே பிழை. வாசிக்கிறவர் கடைசிச் சுரத்தை வாசித்து முடித்ததும் மிதிக்கிறார். மிதிக்க வேண்டிய இடம் அடுத்த சுற்றின் சமம், அதாவது அதன் முதல் அடி. கடைசிச் சுரத்துக்கும் சமத்துக்கும் நடுவே இருக்கும் மௌனமும் பாட்டில் சேர்ந்ததுதான். அதையும் பெட்டிக்குள் பிடிக்க வேண்டும். கை அடுத்த சுற்றின் முதல் சுரத்தைத் தொடும் அதே நொடியில் கால் இறங்க வேண்டும். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் ஸ்விட்ச்சுக்கு மேலே அரை அங்குலத்தில் காத்திருந்தால் இது கைவரும். காலைத் தூக்கி மேலிருந்து மிதித்தால் உடல் சாய்கிறது, வலக்கையின் தாளமும் கூடவே சாய்கிறது. இன்னொன்று, திறந்த தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போது சுற்றை மூடினால் அதன் கார்வை நடுவில் அறுபட்டு, இணைப்பில் ‘டக்’ என்று கேட்கும். சமத்துக்குச் சற்று முன்னால் தந்தியை அமர்த்திவிட்டு மிதிப்பதே சுத்தம்.

ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு ஆனாலும் ஐந்து எண்ணிக்கை கண்ட சாபு ஆனாலும் இதே விதிதான். பெடலின் பதிவுக்குத் தாளக் கணக்கு கிடையாது. நீங்கள் மிதித்த இடமே அதற்குச் சமம்.

எந்தப் பெட்டி

இப்போது கடையில் இருப்பவற்றைப் பார்க்கலாம். டிசி எலக்ட்ரானிக்கின் டிட்டோ மிகச் சிறியது. ஒரு குமிழ், ஒரு ஸ்விட்ச், 5 நிமிடம். பாஸ் ஆர்சி-1 சற்றுப் பெரியது. 12 நிமிடம் பிடிக்கும், சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை வட்டமாக ஓடும் விளக்குகள் காட்டும். வீட்டுப் பயிற்சிக்கு இந்த இரண்டில் எது வாங்கினாலும் தவறில்லை.

மேடை என்று வந்ததும் ஒற்றை ஸ்விட்ச்சின் குறை தெரிகிறது. நிறுத்துவதற்கு இருமுறை அடுத்தடுத்து மிதிக்க வேண்டும். அந்த இரண்டு மிதிகளில் இரண்டாவது சமத்தில் விழுந்தால்தான் பாட்டு சுத்தமாக முடியும். கிட்டார் நழுவினால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பேஸ் அரை அடி பிந்தி நின்றால் அரங்கமே தடுக்கி விழும். ஆகவே நிறுத்துவதற்குத் தனி ஸ்விட்ச் இருப்பது பேஸுக்கு ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை. டிட்டோ எக்ஸ்2-வில் அது பெட்டியிலேயே இருக்கிறது. ஆர்சி-1-க்கு வெளி ஸ்விட்ச் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தடங்களின் எண்ணிக்கை. ஒற்றைத் தடப் பெடலில் கடைசியாகப் போட்ட அடுக்கை அழிக்கலாம். அடியில் கிடக்கும் ஆதாரத் தொடரை மட்டும் உருவி எடுக்க முடியாது. பேஸ் கலைஞருக்கு அடிக்கடி தேவைப்படுவதோ அதுதான். மேலே கார்டுகள் சுழன்றுகொண்டிருக்க, பதிவான அடித்தொடரை நிறுத்திவிட்டு, அதைக் கையால் புதிதாக வாசிக்கத் தொடங்கும்போது பாட்டுக்கு உயிர் திரும்புகிறது. பாஸ் ஆர்சி-500 போன்ற இரட்டைத் தடப் பெடல்கள் இதற்கு ஏற்றவை. தனிக் கச்சேரி செய்ய நினைப்பவர்கள் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். டிரம்மர் கிளிக்கோடு வாசிக்கும் குழுவில் இருப்பவர்கள் லூப்பைக் கிளிக்கின் வேகத்தோடு இணைக்கும் மிடி இணைப்பு உள்ளதைத் தேட வேண்டும். ஆர்சி-5, ஆர்சி-500 இரண்டிலும் அது உண்டு. மிடி இல்லையென்றால் டிரம்மர் காதில் லூப் தெளிவாக விழ மானிட்டரில் ஏற்பாடு வேண்டும். அவர் லூப்பைப் பின்பற்றலாம், லூப் அவரைப் பின்பற்றாது.

கோத்து வைக்கும் வரிசை

லூப் பெடல், அதாவது லூப்பர், தனியாக நிற்பதில்லை; அதற்கு முன்னும் பின்னும் எது வருகிறது என்பதே பாதி ஒலியைத் தீர்மானிக்கிறது. கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் ட்யூனருக்குப் போகட்டும். அடுத்து கம்ப்ரஸர். தட்டி வாசிக்கும் ஸ்லாப்புக்கும் விரலால் வருடுவதற்கும் உள்ள சத்த வேறுபாட்டை அது சமன் செய்வதால், அடுக்குகள் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்கும். லூப் போடும் பேஸிஸ்ட்டுக்குக் கம்ப்ரஸரைவிடப் பயனுள்ள துணை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு ஆக்டேவ் பெடல். கீழ் ஆக்டேவைப் பார்த்து மயங்க வேண்டாம்: திறந்த இ தந்திக்கு ஒரு ஆக்டேவ் கீழே போனால் 20.6 ஹெர்ட்ஸ், மனிதச் செவியின் விளிம்பு. ஸ்பீக்கர் கோன் துடிக்கும், இசை வராது. மேல் ஆக்டேவ்தான் லூப்புக்கு வரம். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் மைக்ரோ பாக், பாஸ் ஓசி-5 ஆகியவற்றில் அது உண்டு. மேல் ஆக்டேவை மட்டும் திறந்தால் பேஸிலிருந்தே கிட்டார் போன்ற இரண்டாவது குரல் கிடைக்கும். டிஸ்டார்ஷன் வாங்குவதானால் சுத்த ஒலியைக் கலக்கும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதவை பேஸின் அடிக்கனத்தைத் தின்றுவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான் லூப்பர். அப்போதுதான் ஒவ்வொரு அடுக்கையும் வெவ்வேறு ஒலியில் பதிய முடியும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் லூப்பரை வைத்தால் மொத்த அடுக்குகளும் ஒரே அரவைக்குள் போய்க் கூழாகிவிடும். வால்யூம் பெடலை லூப்பருக்கு முன்னால் வைத்தால் வாசிப்பு மட்டும் கூடிக் குறையும். பின்னால் வைத்தால் எல்லாமே சேர்ந்து மங்கும். இரண்டுக்கும் பயன் உண்டு, எது வேண்டும் என்று தெரிந்து வையுங்கள். கடைசியில் 30-லிருந்து 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்று இருந்தால், காதுக்கு எட்டாமல் ஆம்பின் சக்தியை மட்டும் குடிக்கும் ஒலி ஒழிந்துவிடும்.

மின்சாரத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சாதாரண அனலாக் பெடல்களுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். டிட்டோ போன்ற டிஜிட்டல் லூப்பர் 100 மில்லி ஆம்பியர் கேட்கும், பெரியவை அதற்கும் மேல். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் கிளை பிரித்தால் லூப்பரின் டிஜிட்டல் இரைச்சல் மற்றவற்றில் ஏறும். அந்த இரைச்சலும் பதிவாகி, அடுக்குக்கு அடுக்கு பெருகும். தனித்தனியாகப் பிரித்த இணைப்புகள் கொண்ட பவர் சப்ளை வாங்குவது இன்னொரு எஃபெக்ட் வாங்குவதைவிட நல்ல முதலீடு.

கருவிக்கு முன் கை

பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் 1996-ல் ‘எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். தடத்தின்மேல் தடம் அடுக்காமல் ஒற்றை பேஸாக வாசித்துப் பதிந்தது. அடித்தொடர், கார்டு, மெட்டு, தாளம் நான்கும் இரண்டு கைகளிலிருந்தே வருகின்றன. இங்கிலாந்தின் ஸ்டீவ் லாசன் எதிர்த்திசையில் போனவர். லூப்பரையே தன் இசையின் மையமாக வைத்துக் கச்சேரிகள் செய்துவருகிறார். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும்: லூப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தச் சுரத்தை விட்டுவைப்பது என்ற தீர்மானம் வாசிக்கிறவருடையது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை இதுதான். முதல் செலவு, போதுமான சக்தியுள்ள ஆம்ப். இரண்டாவது, நல்ல பவர் சப்ளையும் கம்ப்ரஸரும். மூன்றாவதாகத் தனி நிறுத்த ஸ்விட்ச் கொண்ட எளிய லூப்பர். மேல் ஆக்டேவும் இரட்டைத் தடமும் அப்புறம். கடைக்கு உங்கள் சொந்தக் கிட்டாரோடு போங்கள். நான்கு பார் பதிந்து இருபது சுற்று ஓடவிட்டு, ஃபோனில் மெட்ரோனோம் வைத்துக் கேளுங்கள். பிறகு சமத்தில் நிறுத்திப் பாருங்கள். முதல் முயற்சியிலேயே உங்கள் காலுக்கு இசைந்து நிற்கிற பெட்டியை வாங்குங்கள். நிமிடக் கணக்கு அதில் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. குழுவில் தாளத்தைத் தாங்கும் பொறுப்பு பேஸுக்கு உண்டு. அந்தப் பொறுப்பைக் காலில் எடுத்துக்கொள்கிறவர், முதலில் தன் காலைத்தான் பழக்க வேண்டும்.