போலி வாய்க்கு ஒரு வக்காலத்து

1964 மாடலாக பான்டியாக் கம்பெனி ஜிடிஓ என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் பானெட்டின் மேல் மூக்குத் துவாரம் மாதிரி இரண்டு புடைப்புகள். அவற்றின் வழியாக இன்ஜினுக்குக் காற்று போகிறது என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். போகாது. இரண்டும் அடைபட்டவை. சும்மா அலங்காரம்.

நாம் பானெட் என்பதை அமெரிக்கர்கள் ஹூட் என்பார்கள். அதன் மேல் காற்றை அள்ளுவதுபோல் எழும் இந்த உறுப்புக்கு ஹூட் ஸ்கூப் என்று பெயர். நான் காற்றுவாய் என்று எழுதப்போகிறேன். நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின் இன்ஜினைத் தூக்கிவைத்து, சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞன் கட்டக்கூடிய விலையில் விற்ற வண்டிகள்தான் மசில் கார்கள். 1964க்கும் 1972க்கும் இடைப்பட்ட காலம் அவற்றின் காலம். அவற்றின் அடையாளமாக நின்றுபோனது இந்த வாய்.

நுகர்வுக் கலாச்சாரம் பற்றிப் பேசிய கூட்டங்களில் ஜிடிஓவின் அடைபட்ட வாயை நானே பலமுறை உதாரணம் காட்டியிருக்கிறேன். பாருங்கள் தோழர்களே, பயன்மதிப்பு பூஜ்யம், ஓட்டையே இல்லாத ஓட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறான், இதுதான் முதலாளியம் என்பேன். கைதட்டல் கிடைக்கும். அந்த உதாரணம் தப்பு என்று இப்போது படுகிறது. தகவல் பிழை ஒன்றுமில்லை. அது எதைப் பார்க்கவிடாமல் செய்தது என்பதுதான் விஷயம்.

பூத்ரியார் 1968இல் வெளியான 'பொருட்களின் அமைப்பு' நூலில் அமெரிக்கக் கார்களின் வால் துடுப்புகளைப் பற்றி எழுதினார். ஐம்பதுகளில் கார்களின் பின்புறம் முளைத்த அந்தச் சிறகுகள் வேகத்தைக் கூட்டவில்லை, வேகத்தைக் குறித்தன என்பது அவர் வாதம். குறி பொருளைத் தின்றுவிட்டது. சிறகு விஷயத்தில் இது சரி. சிறகு உதிர்ந்தபின் வந்த காற்றுவாயையும் அதே பெட்டியில் போட்டு மூடிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சிறகை வைத்துக்கொண்டு எவனும் பறக்க முடியாது. அடைபட்ட வாயைத் திறக்க முடியும். இந்த வித்தியாசம் சின்னதல்ல.

முதலில் 'உண்மையான' காற்றுவாய் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். கார்ப் பித்தர்கள் வாய்களை இரண்டு சாதியாகப் பிரிப்பார்கள்: வேலை செய்வது, வேஷம் போடுவது. முன்னதற்கு மரியாதை, பின்னதற்கு நக்கல். இடதுசாரி விமர்சகனும் இதே வரிசையில்தான் போய் நிற்கிறான், அவனுக்கு அது தெரியாவிட்டாலும். வாய் திறந்திருந்தால் எதிர்க்காற்று பீறிட்டு உள்ளே புகுந்து இன்ஜினுக்கு அசுர பலம் தரும் என்பது ஐதீகம். கணக்குப் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூடத் தேறாது. 160 கிலோமீட்டரில் சுமார் 1.2 சதவீதம். உண்மையான ஆதாயம் வேறெங்கோ இருக்கிறது. பானெட்டுக்கு உள்ளே காற்று வெந்து கிடக்கும். வெளிக்காற்று அதைவிட 30 டிகிரி குளிர்ச்சி என்றால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் அதிகம். வேகம் பற்றிய பெருமிதம் எல்லாம் கடைசியில் குளிர்ச்சி பற்றிய சமாச்சாரம்.

அந்தக் குளிர்ந்த காற்றைப் பிடிக்க முன்னோக்கித் திறந்த வாய் நல்ல இடமுமில்லை. பானெட்டை ஒட்டி ஓடும் காற்று மந்தமானது. தாழ்ந்த வாய் அந்த மந்தக் காற்றில்தான் முகம் கழுவிக்கொண்டிருக்கும். முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்கி அழுத்தம் கூடுகிறது. எனவே 1970 செவல் எஸ்எஸ் காரில் வாயைப் பின்பக்கம் திருப்பிவைத்தார்கள். முழு வேகத்தில் மிதித்தால் ஒரு மூடி திறந்து கண்ணாடிப் பக்கத்துக் காற்றை இழுத்துக்கொள்ளும். எதிரே வருகிறவனுக்கு அது வாயாகவே தெரியாது. இன்னும் கறாரான உதாரணம், பந்தயத்துக்கென்றே ஃபோர்டு 1964இல் சுமார் நூறு மட்டும் செய்த தண்டர்போல்ட். முன்விளக்குகள் நான்கில் உள்பக்கத்து இரண்டைக் கழற்றிவிட்டு, அந்தக் குழிகளில் வலையடித்து, குழாய் வைத்துக் காற்றை கார்புரேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு விட்டது கண் வழியாக!

நிஜமாகவே காற்று வேண்டியவன் அதை எங்கிருந்தும் எடுத்துக்கொண்டான். வாய் வேறொன்றுக்காக இருந்தது. அது பேசுவதற்காக இருந்தது. யாரிடம்?

முதலில் கம்பெனியிடமே. ஜெனரல் மோட்டார்ஸ் 1963இல் தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடுவதைத் தடைசெய்திருந்தது. நடுத்தர வண்டிகளுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்றும் உத்தரவு. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் சகாக்களும் 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பஸ்ட் லெமான் காருக்கான 'கூடுதல் வசதி' என்று பட்டியலில் நுழைத்தார்கள். உத்தரவு புது மாடலுக்குத்தானே, வசதிப் பட்டியலுக்கு இல்லையே! குமாஸ்தா மூளை செய்த கலகம். காகிதத்தில் பதுங்கிய வண்டி பானெட்டில் வாய் திறந்து கத்தியது. முதல் ஆண்டே 32,450 விற்றது. அந்தக் கத்தல் பொய் என்று எப்படிச் சொல்வது? ஓட்டைதான் பொய். கீழே இருந்த இன்ஜின் நிஜம்.

அடுத்து, சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு இளைஞனிடம். 1970 பிளிமத் ரோட் ரன்னரில் 'ஏர் கிராபர்' என்று ஒன்று. ஓட்டுநர் ஒரு விசையைத் தட்டினால் பானெட்டின் நடுவே ஒரு கதவு மெல்ல எழும்பும். அதன் பக்கவாட்டில் சுறாப் பற்கள் வரைந்திருக்கும். பக்கத்து வண்டிக்காரனுக்குப் பல்லைக் காட்டுவதற்காகவே செய்த ஏற்பாடு. தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு இருக்கும் வேலை இதற்கு. விசை, வெற்றிடக் குழாய், கதவு எல்லாம் வேலை செய்யும் இந்த 'உண்மையான' வாய்தான் இருந்ததிலேயே பெரிய நாடகக்காரன்.

அந்தப் பற்கள் விமானத்திலிருந்து வந்தவை. இரண்டாம் உலகப் போரில் சீனாவுக்காக ஜப்பானியரோடு சண்டையிட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானப்படையின் பி-40களின் மூக்கில் இருந்த அதே பற்கள், வியட்நாமில் குண்டு போட்ட பாண்டம் விமானங்கள் சிலவற்றின் மூக்கிலும் இருந்தன. வாயைப் பார்த்ததும் ஃபிராய்டைக் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். லிங்கக் குறி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. இது நீட்டல் அல்ல, துளை. அதுவும் பல்லுள்ள துளை.

இங்கே இன்னொருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1969 மஸ்டாங் பாஸ் 302-ஐ வடிவமைத்த லாரி ஷினோடா, மற்ற மஸ்டாங்குகளின் பின்பக்க ஓரங்களில் இருந்த போலிக் காற்றுவாய்களை அந்த வண்டியிலிருந்து நீக்கினார். ஜப்பானிய வம்சாவளி. அந்தப் போர்க்காலத்தில் சிறுவனாக மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர். இந்த இரண்டு செய்திகளையும் இணைத்து ஒரு விளக்கம் செய்ய எனக்கு விருப்பமில்லை. பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

வாங்கினவன் விஷயத்துக்கு வருகிறேன். நம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் வரும் நுகர்வோனுக்குக் கண் உண்டு, ஆசை உண்டு, கை மட்டும் கிடையாது. ஆனால் ஜிடிஓ வாங்கிய பையன்களிடம் அறுப்பு ரம்பம் இருந்தது. 1965இல் பான்டியாக் டீலர்கள் மூலம் ஒரு சாமானை விற்றது. கார்புரேட்டரைச் சுற்றி ஒரு தட்டு, பானெட்டின் அடியில் இறுக்க ஒரு பஞ்சுப் பட்டை. அடைபட்ட வாயை வண்டிக்காரனே வெட்டித் திறந்துகொள்ள வேண்டும். பொய்யை அம்பலப்படுத்தவில்லை, நிறைவேற்றிக்கொண்டான். நீ சொன்னாயே, இப்போது செய் என்றான். குறி ஒரு வாக்குறுதி என்றால் அதை வசூலிக்க வரும் கையும் இருக்கிறது. போலியைத் தோலுரிப்பதை மட்டும் அரசியல் என்று நினைத்த நாங்கள் இந்தக் கையைப் பார்க்கவில்லை.

ஆனால் இந்த வசூலுக்கும் ஒரு எல்லை இருந்தது.

வாய்களிலேயே எனக்குப் பிடித்தது 'ஷேக்கர்'. 1969 மஸ்டாங் மாக் 1 காரில் 428 கோப்ரா ஜெட் இன்ஜினோடு வந்தது. இது பானெட்டோடு சேர்ந்ததல்ல. இன்ஜின் மேலேயே உட்கார்ந்து, பானெட்டில் வெட்டிய ஓட்டை வழியாகத் தலையை நீட்டும். மிதித்தால் இன்ஜின் முறுக்கிக்கொண்டு ஒருபக்கம் சாயும், கூடவே அதுவும் சாயும். நின்ற இடத்திலும் நடுங்கிக்கொண்டிருக்கும். மறைத்து வைக்க வேண்டிய உள்ளுறுப்பைத் தோலைக் கிழித்து வெளியே காட்டிய வடிவமைப்பு. வண்டி மூச்சு வாங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

மூச்சு வாங்கியது சரி. யாரிடமிருந்து வாங்கியது?

1970இல் ஷேக்கர் வைத்த பிளிமத் குடாவும் டாட்ஜ் சேலஞ்சரும் தயாரான ஆலைகளில் ஒன்று, டெட்ராய்ட் சூழ நிற்கும் ஹாம்ட்ராம்க் ஊரின் டாட்ஜ் மெயின். அங்கே 1968 மே மாதம் அசெம்ப்ளி வரிசையின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிற்சங்க அனுமதியில்லாமலே ஒரு வேலைநிறுத்தம் வெடித்தது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். தண்டனை கறுப்பர்மேல்தான் அதிகம் விழுந்தது. அதிலிருந்து பிறந்தது டிரம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம். உற்பத்தி கூடியது புது இயந்திரத்தால் அல்ல, முன்பு பல பேர் செய்ததை ஒரு கறுப்பினத் தொழிலாளியைச் செய்யவைப்பதால்தான் என்பது அந்த வட்டாரத்தின் குற்றச்சாட்டு. வரிசையில் நிற்கிறவனுக்கு மூச்சு விட நேரமில்லை. அதைப் பற்றி மூச்சு விடவும் கூடாது. அந்த வரிசையிலிருந்துதான் மூச்சு வாங்குவதைப் பெருமையாகக் காட்டிக்கொள்ளும் வண்டி இறங்கி வந்தது.

ரம்பத்தோடு வந்த பையன் பானெட்டைத் திறந்துகொண்டான். அதற்குக் கீழே இன்ஜின் இருந்தது. இந்த ஆலை இல்லை. போலி வாயைப் பார்த்துச் சிரித்த நானும் ஆலை வரை போகவில்லை. வாய் பொய்யா நிஜமா என்பதிலேயே என் கூட்டம் முடிந்துவிடும்.

ஒஹையோ மாநிலத்து நார்வுட் ஆலையில் இந்தக் கதையின் இன்னொரு பாதி நடந்தது. கமாரோவும் ஃபயர்பேர்டும் அங்கே தயாராயின. வரிசை வேகம், ஆள்குறைப்பு பற்றிய சண்டை முற்றி 1972இல் 174 நாள் வேலைநிறுத்தம். வரிசையில் பாதியில் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள், 1973இன் புதிய பம்பர் விதிகளுக்கு ஒத்துவராது என்று கழித்துக்கட்டப்பட்டன. ஃபயர்பேர்ட் வகையின் உச்சமான டிரான்ஸ் ஆம் அந்த ஆண்டு தயாரானது 1,286 மட்டுமே. அந்த வகையையே நிறுத்திவிடலாமா என்று ஜெனரல் மோட்டார்ஸ் யோசித்தது.

டிரான்ஸ் ஆமில் 1970 முதல் ஒரு ஷேக்கர் இருந்தது, பின்பக்கம் பார்த்த வாயோடு. கார் கடந்துபோகும்போது எழும் சத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் 1973இல் அந்த வாயைத் தகடு வைத்து அடைத்தார்கள். வெளியே எதுவும் மாறவில்லை. இன்ஜினோடு சேர்ந்து அது ஆடிக்கொண்டும் இருந்தது. இதைப் போலி என்று சொல்வீர்களா? வேலை செய்யப் பிறந்து வாயடைக்கப்பட்டது அது. ஜிடிஓவின் பொய்வாய் திறக்கக் காத்திருந்தது. இதுவோ மூடப்பட்டபின் பேசியது. இரண்டையும் அலங்காரம் என்ற ஒரே சொல்லால் அழைக்கும் விமர்சனம், வரலாறு வேண்டாம் என்கிற விமர்சனம்.

வாயடைத்த பிறகுதான் அது அதிகம் விற்றது. 1977இல் 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' படத்தில் பர்ட் ரெனால்ட்ஸ் ஓட்டியது அந்த அடைத்த வாய்தான். 1979இல் தயாரான டிரான்ஸ் ஆம்கள் 1,17,108. இன்ஜின்களின் குதிரைத்திறன் எழுபதுகளின் தொடக்கத்தில் இருந்ததைவிட எவ்வளவோ இறங்கிவிட்ட காலம் அது. இருந்தும் அடைத்த வாயை வாங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்த முதல் காரியம், அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்தது.

டாட்ஜ் மெயின் 1980இல் மூடப்பட்டது. நார்வுட் 1987இல். வண்டிகள் மட்டும் ஏலக்கூடங்களிலும் கண்காட்சிகளிலும் இருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று மதிப்பெண் போடும் போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் 1973க்குப் பிந்தைய டிரான்ஸ் ஆமுக்கு அசல் என்றால் அடைத்த வாய்தான். எப்போதோ ஒரு பையன் தகட்டைக் கழற்றியிருந்தால், உரிமையாளர் இப்போது தகடு தேடிக் கண்டுபிடித்து மறுபடி அடைக்க வேண்டும். திறந்தே விட்டால் மதிப்பெண் போய்விடும்.