தாய்க்குலத்தின் அதிருப்தி

அபிமான நடிகரின் படம் பிடிக்கவில்லை என்று ஒரு பெண் பகிரங்கமாகச் சொன்ன மாத்திரத்தில் இணையவெளியில் அவள்மீது சொரியப்படுகிற ஆபாச வசைகளுக்கு, அன்பின் மிகுதியால் நேர்ந்த பிழை என்றும், எங்கோ சில விஷமிகளின் வேலை என்றும், பொதுவாழ்வுக்கு வந்தவர் தாங்கித்தான் ஆகவேண்டும் என்றும் சமாதானம் சொல்லுகிற வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மூன்றுமே தவறான சமாதானங்கள். அவற்றுள் முதலாவதே மிக அபாயகரமானது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

ரசிகர் மன்றங்களின் நற்பணிகளை நான் மறுக்கவில்லை. இரத்ததானம் செய்கிறார்கள், வெள்ளம் வந்தால் முதலில் ஓடிவருகிறார்கள். எங்கள் ஊரான பெருநகரிலும் உத்திரமேரூர் வட்டாரத்துப் பிற கிராமங்களிலும், நிலமோ உத்தியோகமோ இல்லாத ஓர் இளைஞனுக்குப் பெயர்ப்பலகையில் ஓரிடமும் ஊரார் நடுவே ஒரு ஸ்தானமும் கொடுத்தது பெரும்பாலும் மன்றமே. தன் நாயகனை நேசிக்கவும் அவனுக்காக வாதாடவும் ரசிகனுக்குப் பூரண உரிமை உண்டு. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்த உரிமை எங்கே எல்லை மீறுகிறது என்பதற்கு 2017 ஆகஸ்டில் நிகழ்ந்தது ஓர் உதாரணம். ‘தி நியூஸ் மினிட்’ ஆசிரியர் தன்யா ராஜேந்திரன், அப்போது வெளியாகியிருந்த ஷாருக் கானின் இந்திப் படமொன்றைப் பற்றி, விஜய் நடித்த ‘சுறா’விலிருந்து இடைவேளையில் எழுந்து வந்ததாகவும், இந்தப் படத்தை இடைவேளை வரையிலும்கூடப் பொறுக்க இயலவில்லை என்றும் பொருள்படும்படி ட்விட்டரில் ஓரிரு வரி எழுதினார். ‘சுறா’ 2010-இல் வந்தது. விஜய்க்கு ஐம்பதாவது படம். அது எடுபடவில்லை என்பதை அவருடைய ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். ஏழாண்டுகளுக்கு முன்னரே தோற்றுப்போன அப்படத்தைத் தொட்டுச் சொன்ன அந்த ஓரிரு வரிக்காக, ஆயிரமாயிரம் வசைகள் நாட்கணக்கில் அவரை நோக்கி வந்தன. அவர் பெயரை இழிவுபடுத்தும் ஹேஷ்டேக் ஒன்று திட்டமிட்டு முன்னணிக்கு ஏற்றப்பட்டது. அவர் சென்னை மாநகரக் காவல்துறையில் முறையிட்டார், வழக்குப் பதிவாயிற்று. யாரும் எந்தப் படத்தையும் விமரிசிக்கலாம், ஆனால் பெண்களைத் தரக்குறைவாகப் பேசலாகாது என்று விஜய் அறிக்கை வெளியிட்டார். அத்துடன் விஷயம் முடிந்தது என்று பலர் நிம்மதி கொண்டனர்.

அந்த நிம்மதியைத்தான் என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. அந்த வசைகள் ஒரு படத்தின்மீது கொண்ட அன்பிலிருந்து பிறந்தவையாயின், அவற்றில் ஒன்றிரண்டிலாவது படத்தைப் பற்றிய பேச்சு இருந்திருக்க வேண்டுமன்றோ? கதை இப்படி, காட்சி இப்படி, நீ பார்க்கத் தவறியது இது என்று மறுத்துரைப்பதுதானே ரசிகனுடைய வாதம்? வந்தவற்றிற் பெரும்பான்மையும் தன்யாவின் உடலையும் ஒழுக்கத்தையும் பற்றியவை. அதே ஆகஸ்டு மாதத்தின் இறுதியில் வெளியான அஜித்தின் ‘விவேகம்’ படத்தை யூடியூபில் ‘ப்ளூ சட்டை’ மாறன் மிகக் கடுமையாகச் சாடினார். அவருக்கும் எதிர்ப்புக் கிளம்பியது, திரைத்துறையினரே கோபித்தனர். ஆனால், அவர் விமரிசித்த முறை சரியா, ஒரு படத்தின் உழைப்பை அப்படி ஏளனம் செய்யலாமா என்று அவருடைய வேலையைச் சுற்றியே அந்தத் தர்க்கம் நடந்தது. ஆண் அதிருப்தி தெரிவித்தால் அது ஓர் அபிப்பிராயம், அதை எதிர்க்கலாம். பெண் தெரிவித்தால் அது ஓர் அபராதம், அதற்குத் தண்டனை விதிக்க வேண்டும்! இந்த இரட்டை நியாயத்தை எந்த அன்பின் கணக்கில் எழுதுவது?

இந்த நியாயத்தை ரசிகன் எங்கே கற்றான் என்று கேட்டால், எந்தத் திரையைக் காக்க அவன் புறப்பட்டானோ அந்தத் திரையிடமே கற்றான் என்பேன். 1972-இல் வெளிவந்து, தமிழின் சிறந்த படமென்று தேசிய விருது பெற்ற ‘பட்டிக்காடா பட்டணமா’வில், படித்த பட்டணத்து மனைவி இறுதியில் கணவனின் வழிக்கு வந்துசேர வேண்டியிருந்தது. 1992-இல் ‘மன்னன்’ படத்தில் ஒரு தொழிற்சாலையையே நிர்வகித்த பெண், கதை முடியும்போது கணவனை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறாள். 1999-இல் ‘படையப்பா’வின் நாயகன் நீலாம்பரிக்குப் பெண்ணின் இலட்சணம் யாதென்று உபதேசம் செய்கிறான், 2005-இல் ‘சிவகாசி’யின் நாயகன் நாயகியின் உடையைக் குறித்து உபதேசிக்கிறான், கொட்டகை இரண்டு முறையும் கரகோஷம் செய்தது. மறுத்துப் பேசுகிற பெண்ணுக்குப் பதில் வாதம் அல்ல, அடக்குதலே என்ற பாடத்தை பல்லாண்டுகளாகக் கைதட்டிக் கற்ற ஒருவன், நாயகனின் படத்தையே ஒரு பெண் மறுத்துப் பேசும்போது வேறு எந்தப் பதிலைத் தேடுவான்? நல்ல நடிப்பும் நல்ல பாட்டும் அமைந்த படங்கள் இவை. ஆகையினாலேயே பாடம் ஆழப் பதிந்தது. இவற்றை எழுதியவர்களும் எடுத்தவர்களும் இந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணல்தரை டூரிங் கொட்டகைகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வைத்திருந்த காலத்தில், அந்தப் பக்கத்துப் பெண்கள் படம் பிடிக்காவிட்டால் பேசாமலா இருந்தார்கள்? மறுநாள் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் கதாநாயகனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அது ஆண்களின் காதுக்கு எட்டாததால், எட்டினாலும் அச்சேறாததால், எவருக்கும் கோபம் வரவில்லை. அதே காலத்தில், ‘தாய்க்குலத்தின் பேராதரவு பெற்ற’ என்று சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சிடவும் தயாரிப்பாளர்கள் தவறவில்லை. பெண்ணின் திருப்தி வசூலுக்கு மூலதனம், அவளுடைய அதிருப்தி வீட்டுக்குள் இருக்கவேண்டியது என்ற ஏற்பாடு அன்றே நிலைபெற்றுவிட்டது. இன்று ஒரு பெண் தன் பெயருடன், ஆண்கள் நடுவில், ஊரறிய அந்த அதிருப்தியைச் சொல்லுகிறாள். மாறியது அந்த ஒன்றுதான், அதைத்தான் வசைபாடுகிறவர்களால் பொறுக்க இயலவில்லை.

இந்த ஏற்பாடு கொட்டகைக்கும் முந்தியது. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் பராந்தகசோழர் காலக் கல்வெட்டுகளைக் கிராம ஜனநாயகத்தின் சாசனமென்று கொண்டாடுகிறோம், கொண்டாடத் தக்கவைதாம். சபையில் அமர இன்ன நிலம், இன்ன வயது, இன்ன கல்வி வேண்டுமென்று நுணுக்கமாக வகுத்த அந்தக் குடவோலை முறையில் பெண்ணுக்கு இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்பு, நிலமும் வயதும் கேளாமல் எல்லோருக்கும் திறந்த ஒரு சபையை விஞ்ஞானம் நமக்களித்தபோது, அதன் வாயிலில் நின்று பழைய விதியையே அமல்படுத்துகிறவர்களை ரசிகர்கள் என்று எப்படி அழைப்பது?

இது ஒரு நடிகரோடும் ஒரு மொழியோடும் நிற்கிற காரியமன்று. 2017 டிசம்பரில், திருவனந்தபுரத்துச் சர்வதேசத் திரைப்பட விழாவில், மம்முட்டி நடித்த மலையாளப் படமான ‘கசபா’வில் பெண் இழிவுபடுத்தப்படுகிறாள் என்று நடிகை பார்வதி சொன்னார். அவரும் நடிகைதான், அத்துறையை உள்ளிருந்து அறிந்தவர்தான். அந்தத் தகுதி வசைகளிலிருந்து அவருக்கு அணுவளவும் பாதுகாப்புத் தரவில்லை. அவருடைய புகாரின்மேல் காவல்துறை வசைபாடியவர்களைக் கைது செய்யவேண்டிய நிலை அங்கே வந்தது.

நட்சத்திரங்களின் அறிக்கைகள் வரவேற்கத்தக்கவை, போதுமானவை அல்ல. பெயரில்லாத ‘சிலரை’க் கண்டிக்கிற அறிக்கையால் எவனும் எதையும் இழப்பதில்லை. சுவரொட்டி கிழிந்தால் விசாரணை நடத்துகிற மன்றங்களுக்கு உறுப்பினர் பட்டியல் உண்டு, மாவட்டப் பொறுப்பாளர் உண்டு, கட்டுப்பாடு உண்டு. ஆகவே மன்றப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படம் பிடிக்கவில்லை என்ற ஒரு பெண்ணை உங்கள் உறுப்பினன் ஆபாசமாக ஏசினால், அவன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், நீக்கியதை, அடுத்த படத்துக்கு வைக்கும் பதாகையிலேயே, ஊரறிய எழுதி வையுங்கள்.