பழைய புல்லட் பார்த்தல்

தஞ்சைத் தரணியில் பழைய புல்லட் ஒன்றைப் பார்த்து வாங்குவதென்பது, சந்தையில் மாடு பிடிப்பவரின் சாமர்த்தியத்தில் பாதியையாவது வேண்டுகிற வித்தை. திருவொற்றியூர் ஆலையில் உருவான அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், வேகத்தில் சாமானியந்தான். ஆயினும் லடாக் வரை போகச் சங்கற்பித்தவனுக்கு, வழியிலுள்ள சிற்றூர் மெக்கானிக்கும் அதன் அந்தரங்கம் அறிந்தவராயிருப்பார் என்பதே அதன் பிரதான யோக்கியதை.

விற்பவர் எவ்வளவு உபசரித்தாலும், விடியற்காலையிலேயே போய், முதலில் சிலிண்டர்மேல் கை வைத்துப் பார்க்கவேண்டும். சுட்டால், நமக்கு முன்பே யாரோ சிரமப்பட்டு அதை எழுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். டிகம்ப்ரஷன் லீவரை அழுத்திக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, லீவரை விட்டு, ஓங்கி உதைத்த ஒரே உதையில் அது உயிர்பெற்று, நீலப்புகை கக்காமல் நிதானமாகத் துடிக்குமானால், பாதிப் பரீட்சை தேறிற்று.

நம் பிரதேசத்து வண்டிகளுக்கென்று சில விசேஷ வியாதிகள் உண்டு: வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்று சேஸிஸின் அடிப்புறத்தையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் அரித்திருக்கும், வாய்க்கால் கரையில் உரமூட்டையும் நெல்மூட்டையும் சுமந்ததால் பின்பக்க ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும். புதுப் பெயிண்டில் ஜொலிக்கும் வண்டியைவிட அழுக்கேறிய வண்டியையே நான் நம்புவேன். பெயிண்ட் அநேக பாவங்களை மறைக்கும்.

15 ஆண்டு கடந்த வண்டியாயின், ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, சேஸிஸ் எண் அதில் கண்டபடியே இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.