36 விசையில் ‘ச’ எங்கே?

கைக்கு இதமானவை என்று பெயரெடுத்த பிளவு கீபோர்டுகளில் பல 36 விசைகளோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு கைக்கும் மூன்று வரிசை, ஐந்து பத்தி, கட்டைவிரலுக்கு மூன்று. எந்த விரலும் ஒரு விசைக்கு மேல் நகர வேண்டாம் என்பதுதான் இதன் பெருமை. மணிக்கட்டு வலி தாங்காமல், ஐயப்பன்தாங்கல் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஸ்விட்சுக்கு ஒரு டயோடு வைத்து, ஒயர் இழுத்து, சால்டர் செய்து நானும் ஒன்று கட்டினேன். ஆங்கிலம் ஜோராக ஓடியது. தமிழ்99-க்கு மாற்றி ‘செய்ய’ என்று அடிக்கப் போனால், ச-வும் இல்லை, ய-வும் இல்லை!

கணக்கு எளிது. கட்டைவிரலை விட்டால் 30 விசை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து போக நாலு மிச்சம். தமிழுக்கு 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்தால் 33. மூன்று குறைகிறது: ச, ஞ, ய.

குறை 36 விசையில் மட்டும்தானா? தமிழ்99-ஐயும் கேட்க வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. யோசனை அருமை. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். இரு கையும் மாறி மாறி வேலை செய்யும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் புள்ளி தானாக விழும். ‘செய்ய’வுக்கு நாலே தட்டு: ச, எ, ய, ய. ஆனால் அந்த நாலில் மூன்று வலது சுண்டுவிரலுக்கு! ண, ந, ழ, ச, ஞ, ய என்று ஆறு மெய்கள் அந்த ஒரு விரலின் தலையில். இடது சுண்டுவிரலுக்கோ ஆ, அ, ஔ மட்டும். க, த போன்றவற்றுக்கு அ-வைத் தட்டவே வேண்டாம்; ஔ எப்போதாவதுதான் வரும்.

ஆகவே, சும்மா கிடந்த ஒரு கட்டைவிரல் விசைக்கு ய-வைக் கொண்டுவந்தேன். வலது பாதியின் தகட்டை மட்டும் மாற்றி, ஆறாவது பத்தியில் ச, ஞ இரண்டையும் வைத்தேன். செலவு இரண்டு ஸ்விட்ச், இரண்டு டயோடு, கன்ட்ரோலருக்கு ஒரு ஒயர். இப்போது இடம் 18, வலம் 20. கணினியில் எதையும் தொடவில்லை. கீபோர்டு அனுப்புவது வழக்கமான ஆங்கில விசைகளின் எண்களைத்தான். அதைத் தமிழாக்குவது கணினி.

இதற்கும் விலை உண்டு. வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் கட்டைவிரல் ய-வைத் தேடுகிறது. சுண்டுவிரலில் இன்னமும் ஐந்து மெய்கள். அதையும் குறைக்கப் போனால் எல்லோருக்கும் பொதுவான தரத்தைவிட்டு ரொம்பவே விலக வேண்டும். அதற்கு மனம் வரவில்லை.

பார்க்கக் கோணலாகத்தான் இருக்கிறது. இரண்டு பாதியும் ஒரே அளவில் இருந்தால்தான் அழகு என்று நானும் நம்பியவன்தான். அது 26 எழுத்துக்காரர்களின் அழகு. நீங்கள் கட்டப் போகிறீர்கள் என்றால், ஸ்விட்ச் வாங்கும் முன் எழுத்தை எண்ணிவிடுங்கள்.