சீட்டை அமுக்கிப் பார்த்தவர்கள்

கடைக்காரர் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியதும், வாங்க வந்தவர் முதல் காரியமாகச் சீட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்ப்பார். பின் ஷாக் அமுங்கும். கையை எடுத்ததும் துள்ளி எழும். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். தர்மபுரி டவுனில் ஒரு சைக்கிள் கடை வாசலில் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நானும் அப்படி அமுக்கிப் பார்த்து வாங்கியவன்தான் என்பதால் கேலி செய்ய எனக்கு உரிமை குறைவு.

நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரத்துக்குள் கிடைக்கிற, முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்த மின்சார மலை சைக்கிளைப் பற்றித்தான் சொல்கிறேன். ஹீரோ லெக்ட்ரோ, புனேயின் ஈமோட்டோராட் போன்ற பெயர்கள் வந்த பிறகு மின்சார சைக்கிள் என்பது சின்ன ஊர்களுக்கும் பழகிப்போன பொருளாகிவிட்டது. எங்கள் பக்கம் ‘பேட்டரி சைக்கிள்’ என்பார்கள். வாங்கியவரிடம் முதல் வாரத்திலேயே டீக்கடையில் நாலு பேர் கேட்கிறார்கள்: “எப்பிடிணா இருக்குது? மேடு ஏறுதா? எத்தினி கிலோமீட்டர் குடுக்குது?” அவர் ஒரு தீர்ப்பு சொல்கிறார். அதைக் கேட்டு அடுத்தவர் வாங்குகிறார். வண்டிக்கு இங்கே இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. இந்த முதல் வாரத் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம்? என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தன் உடம்பைப் பற்றியும் தன் வேலையைப் பற்றியும் வாங்கியவர் சொல்வது பெரும்பாலும் சரி. வண்டியைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் தவறு.

மிதியும் மோட்டாரும் சேர்ந்த வண்டி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1980-ல் ஓசூரில் தயாராகி வந்த டிவிஎஸ் 50 அதுதானே? ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 50 சிசி இன்ஜின், மிதித்து ஸ்டார்ட் செய்ய பெடல். மேட்டில் திணறினால் அந்தப் பெடலையே மிதித்து உதவலாம். அதன் ஷாக்கைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. தட்டுக்கட்டு ஏற்றினால் தாங்குமா, பால் கேன் தொங்கவிட்டால் சாயுமா, முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் பெண்டாட்டியும் உட்கார்ந்தால் பாலக்கோடு போய்ச் சேருமா என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சு உருவாக ஒரு வாரம் போதவில்லை, சில வருஷம் ஆயிற்று. எக்ஸ்எல் என்ற பெயரில் அதன் வம்சம் இன்றும் வயற்காட்டு வரப்போரம் நிற்கிறது.

அதே கண்ணோடு புது வண்டியைப் பார்க்கிறவர்கள் சொல்கிற முதல் குறை, எந்தக் கம்பெனி அட்டையிலும் இல்லாதது. கேரியர் இல்லை. மாட்டலாம் என்றாலும் இடமில்லை. பின் சட்டமே ஷாக்கோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும்போது கேரியரின் கால்களை எங்கே முட்டுக் கொடுப்பது? மட்கார்டு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. செயின் கவர் கிடையாது என்பதால் வேட்டிக்கும் சுடிதாருக்கும் கேடு. சில வண்டிகளில் ஸ்டாண்டுகூடத் தனிக் காசு. இதையெல்லாம் முதல் நாளே வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். “இதுல அரிசி மூட்டை எங்க வைக்கிறது?” என்ற ஒரு கேள்வி, பத்துப் பக்க மதிப்புரை தொடாத இடத்தைத் தொட்டுவிடும். காட்டுப்பாதையில் விளையாடுவதற்காக மேற்கே பிறந்த வடிவத்தை அப்படியே கொண்டுவந்து, சந்தைக்குப் போகிறவருக்கு விற்கிறோம். முதல் அபிப்பிராயத்தின் பலமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு பலமும் உண்டு. வாங்கியவர்களில் பாதிப் பேர் சொல்வது, “பின்னாடி இருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்குது.” கவிதைக்காகச் சொல்வதில்லை. வண்டியின் உள்விவரத்தையே துல்லியமாகச் சொல்லிவிடுகிறார்கள். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிற சென்சார்தான் இருக்கும். அரைச் சுற்று சுற்றியதும் மோட்டார் விழித்துக்கொண்டு, நீங்கள் அழுத்தி மிதித்தாலும் சும்மா காலை ஆட்டினாலும் ஒரே அளவு தள்ளும். காலின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ற பலம் தருகிற சென்சார் விலை கூடிய வண்டிகளில் இருக்கும். அதை ஓட்டியவருக்கு யாரும் தள்ளுவதாகத் தோன்றாது, தன் கால்களுக்கே வயது குறைந்ததாகத் தோன்றும். ஆக, மெக்கானிக்கைக் கேட்காமலே, வாங்கியவர் வாய்மொழியை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஐம்பது தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், ‘மூச்சு வாங்காம வீடு வந்து சேர்ந்தேன்’ என்று சொன்னால் அதையும் சந்தேகப்படத் தேவையில்லை. சாதாரண மனிதர் விடாமல் மிதித்தால் 75 வாட், கொஞ்சம் பழகியவர் 100 வாட் தருவார். அதோடு மோட்டாரின் 250 வாட் சேர்ந்தால் உடம்புக்குத் தெரியாமல் போகுமா?

இனி தவறுகிற இடம். முதலில் அந்த ஷாக்.

கையால் அமுக்கும்போது துள்ளுகிற ஷாக் நல்ல ஷாக் என்று நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். ஸ்பிரிங் அமுங்கிவிட்டுத் திரும்பி எழும்போது, அந்த எழுச்சியை எண்ணெய் வைத்து மெதுவாக்குவதுதான் ஷாக்கின் வேலை. அந்த வேலைக்குத்தான் விலை. இந்த விலை வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது வெறும் ஸ்பிரிங். வேகத்தடையில் மெத்தென்று இருக்கும்; அடுத்தடுத்து மூன்று பள்ளம் வந்தால் மூன்றாவதில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். மேட்டில் இன்னும் மோசம். எழுந்து நின்று மிதிக்கிற ஒவ்வொரு மிதியிலும் பின்பக்கம் ஒரு முறை உட்கார்ந்து எழுகிறது. காலும் பேட்டரியும் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ஆட்டத்துக்கே போகிறது. சட்டம் ஆடுகிற மூட்டுகளில் இருக்கிற புஷ்ஷில் நம் ஊர்ச் செம்மண் தூசி ஏறினால் சில மாதத்தில் கிறீச் என்ற சத்தம் தொடங்கும். கடையில் இதில் ஒன்றும் தெரியாது, முதல் வாரத்திலும் தெரியாது.

இடுப்புக்குச் சுகம் கிடைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிடைக்கிறது. ஆனால் அந்தச் சுகத்தின் பெரும்பகுதியை, முன்னால் மட்டும் ஷாக், கொஞ்சம் அகலமான டயர், அதில் காற்றைச் சற்றுக் குறைவாக வைத்தல், இவற்றாலேயே பெற்றுவிடலாம். கனமும் குறையும், கேரியரும் மாட்டலாம். இந்த விலைக்குள் பின் ஷாக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது ‘எவ்வளவு குடுக்குது’ என்ற கேள்வி. நெசவாளர் காலனியிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை தினமும் போய்வருகிறவர், மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் சார்ஜ் போடுகிறேன் என்று சொல்வார். பொய் சொல்லவில்லை. சமதரையில் அப்படித்தான். ஆனால் தர்மபுரி மாவட்டத்தைச் சமதரை என்று யார் சொன்னது? 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் உள்ளே இருப்பது 360 வாட்-ஹவர். வத்தல்மலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து தோராயமாக 600 மீட்டர் உயரம் ஏறவேண்டும் என்றும், ஆளும் வண்டியும் சேர்த்து 100 கிலோ என்றும் கணக்குப் போட்டால், தூக்குவதற்கு மட்டும் 160 வாட்-ஹவருக்குக் கொஞ்சம் மேல். மோட்டாரில் சூடாகப் போவதையும் டயர் உராய்வையும் சேர்த்தால் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி, நீங்கள் மிதிக்காமல் திராட்டிலை மட்டும் திருகினால். அதுகூடப் பரவாயில்லை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற சாலையில் 250 வாட் மோட்டாரால் அந்த 100 கிலோவை மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இழுக்க முடியாது. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் மோட்டார், அப்படி மெதுவாகச் சுற்றும்போதுதான் அதிகம் சூடாகும். நீங்கள் கியரை எத்தனை முறை மாற்றினாலும் அது உங்கள் காலுக்குத்தான் உதவும். சக்கரத்தோடு ஒட்டிய மோட்டாருக்கு மாற்றுகிற கியர் கிடையாது. பெடலுக்கு அருகே மோட்டார் வைத்த வண்டிகளில் இந்தப் பிரச்சினை குறைவு. அவற்றின் விலை வேறு உலகம்.

ஒகேனக்கல் பாதை இன்னும் குறும்புக்காரப் பாதை. பென்னாகரத்திலிருந்து காவிரி வரை காட்டுக்குள் இறக்கம். போகும்போது மோட்டாருக்கு வேலையே இல்லை. அருவியில் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டிஸ்ப்ளேயில் நாலு கட்டை அப்படியே இருக்கும். ‘என்ன அருமையான பேட்டரி’ என்று அங்கிருந்தே போன் போடுவார்கள். திரும்பி ஏறத் தொடங்கியதும் பளு விழுந்து, நாலு கட்டை சட்டென்று இரண்டாகும். நிழலில் நிறுத்தினால் மறுபடி மூன்றாக எழும். லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்தக் கட்டைகளைப் பெட்ரோல் முள்ளைப் போல நம்பக் கூடாது. யானை கடக்கிற ரோடு அது. இருட்டுவதற்குள் இருபத்தைந்து கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

சந்தோஷமாகச் சொல்கிற இன்னொன்று, “ஆர்சி இல்ல, லைசென்ஸ் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல.” சரிதான். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. ஐரோப்பாவிலும் இதே 250, இதே 25. அமெரிக்காவில் 750 வாட் வரை விடுகிறார்கள். ஆனால் முதல் மாதத்துக்குள்ளேயே நம்மவர்களுக்கு 25 போதவில்லை. வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்லிக் கடைக்குத் திரும்புகிறார்கள். எடுத்த நிமிஷமே அது பதிவில்லாத மோட்டார் வண்டி. அதோடு போய் விபத்தில் சிக்கினால் பேச வாயிருக்காது.

காரிமங்கலம் சந்தையில் மாடு வாங்குகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், முடிந்தால் பூட்டியும் பார்ப்பார். சுழியும் பார்ப்பார், அதற்கும் டிஸ்ப்ளே வெளிச்சத்தைப் பார்த்து மயங்குவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்த வண்டிக்குப் பல் இல்லை. இருப்பதிலேயே விலை கூடிய உறுப்பு பேட்டரி. அதன் வயதும் தரமும் மூடிய பெட்டிக்குள். பல நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியபின்தான் அதன் குணம் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வைத்துச் சார்ஜ் போட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும். 2022-ல் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ‘எந்த செல், எந்த சார்ஜர்’ என்று கடையில் கேட்கிறவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

இதில் வாங்கியவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. காசு போட்டவர் முதல் வாரத்தில் தன் வண்டியை விட்டுக்கொடுத்துப் பேசுவாரா? வீட்டில் வேறு திட்டு வாங்கியிருப்பார். நாமும் அந்த வாரத்தில் மட்டும்தான் போய்க் கேட்கிறோம். நாலாவது மாதம் பின்சக்கரம் பஞ்சராகி, மோட்டார் ஒயர் போகிற சக்கரத்தைக் கழற்ற மாட்டேன் என்று பஞ்சர்க்கடைக்காரர் கையை விரிக்கும்போது யாரும் கேட்க வருவதில்லை. அவரும் தானாகச் சொல்வதில்லை. வண்டி மெதுவாகத் திண்ணைக்குப் பக்கத்தில் ஒதுங்கி, அதன்மேல் துண்டு காயும்.

ஆகவே உங்கள் தெருவில் இப்படி ஒரு வண்டி இருந்தால், ‘எப்படி இருக்குது’ என்று கேட்காதீர்கள். பஞ்சர் யார் ஒட்டினார்கள், போன மாதம் எத்தனை நாள் எடுத்தீர்கள், சார்ஜ் முன்னே மாதிரி நிற்கிறதா என்று கேளுங்கள். வாங்கி ஒரு கோடையும் ஒரு மழையும் கழிந்தவரிடம் கேளுங்கள்.

என் வண்டிக்கு இது பதினான்காவது மாதம். பின் ஷாக்கைக் கழற்றிவிட்டு, லேத்துக்காரரிடம் அதே அளவுக்கு ஒரு இரும்புப் பட்டை செய்து வாங்கி அந்த இடத்தில் முடுக்கிவிட்டேன். இப்போது முன்பைவிட நன்றாக மேடு ஏறுகிறது. கேரியரும் மாட்டியாயிற்று.